அம்மம்மாவின் சிங்கர் கை மெசின்: திருகோணமலை வீடுகளில் எழும் கேள்விகள்

சின்ன வயதில் பாவாடை சட்டை தைத்துத் தந்த கறுப்புக் கை மெசின் பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. கட்டிலுக்குக் கீழே, அலுமாரிக்கு மேலே, சில வீடுகளில் சாமியறை மூலையிலே. அவற்றில் தேய்ந்து செத்தவை மிகக் குறைவு. பூட்டி வைத்ததாலும், தேங்காயெண்ணெய் விட்டதாலும், உப்புக்காற்றாலும் முடங்கியவையே அதிகம். வார்ப்பிரும்பு உடலும் உருக்குத் தண்டுகளும் எளிதில் தேய்வதில்லை. ஆகவே “பழுது” என்று ஒதுக்கி வைத்த மெசினைக் கடைக்குக் கொண்டுபோகுமுன் கீழே உள்ளவற்றைப் பாருங்கள்.

எங்கள் மெசின் எந்த வகை என்று எப்படி அறிவது?

கீழ்நூல் சுற்றிய சின்ன உருளையான பொபினைப் பாருங்கள். பெயர்த்தகட்டில் எண் இல்லாவிட்டாலும் பொபின் காட்டிக்கொடுத்துவிடும்.

விரல் போல நீண்ட, ஒடுங்கிய பொபின் ஒரு சின்னப் படகு போன்ற ஷட்டிலுக்குள் கிடந்து முன்னும் பின்னும் ஆடினால் அது 27 அல்லது 28 வகை. கை மெசினாக இங்கே வந்தவை பெரும்பாலும் சிறியதான 28 கே. வட்டப் பொபினை மேலிருந்து, ஊசிக்குப் பக்கத்துத் தகட்டை இழுத்துப் போட்டால் அது 66 கே அல்லது 99 கே. இரண்டுக்கும் அமைப்பு ஒன்றே, 99 கே முக்கால் பங்கு அளவு. வட்டப் பொபினை உலோகக் கேஸுக்குள் போட்டு, மெசினின் இடப்பக்கத்தால் கீழே செருகினால் 15 கே. இந்திய உஷா, சீனத்துப் பட்டர்ஃபிளை கறுப்பு மெசின்களும் இந்த 15ஆம் வகுப்பை ஒட்டியவை. அதனால் 15 கேக்குப் பொபினும் கேஸும் இன்றும் தையல் சாமான் கடைகளில் எளிதாகக் கிடைக்கும்.

ஒரு எச்சரிக்கை. 66 வகுப்புப் பொபினின் இரு பக்கத் தட்டும் சற்றுக் கும்பியிருக்கும். 15 வகுப்புப் பொபினின் தட்டுகள் தட்டையானவை. கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும். மாற்றிப் போட்டால் மெசின் தைக்கும், ஆனால் நூல் விட்டுவிட்டு இறுகும். கடைக்குப் போகும்போது பழைய பொபினைக் கையில் கொண்டுபோங்கள்.

“கே” என்ற எழுத்து எதற்கு? வயதை அறிய முடியுமா?

ஸ்கொட்லாந்தின் கிளைட்பாங்க் நகரில் கில்போவி என்ற இடத்தில் இருந்த சிங்கர் தொழிற்சாலையைக் குறிக்கும் எழுத்து அது. 1885இல் இயங்கத் தொடங்கி 1980இல் மூடப்பட்டது. தொழிற்சாலை போய்விட்டாலும் பக்கத்து ரயில் நிலையத்தின் பெயர் இன்றும் சிங்கர்தான். இலங்கையில் சிங்கர் வியாபாரம் 1877இலேயே தொடங்கிவிட்டது.

மெசினின் வலப்பக்க அடித்தட்டில் தொடர் இலக்கம் பொறித்திருக்கும். முன்னால் வரும் ஆங்கில எழுத்து வயதைச் சொல்லும். எஃப், ஜே, வை போன்ற ஒற்றை எழுத்துகள் முந்தியவை. ஈ.ஏ., ஈ.பி. என ‘ஈ’யில் தொடங்கும் இரட்டை எழுத்துகள் 1930களின் நடுப்பகுதிக்குப் பிறகானவை. எழுத்துகளில் அழுக்கு அடைந்திருந்தால் பழந்துணியில் மெசின் எண்ணெய் தொட்டுத் துடையுங்கள். அரத்தாள், பிளேட் எதுவும் வேண்டாம்.

சில்லு அசையவே இல்லை. உடைந்துவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. காய்ந்த எண்ணெய் பசையாக இறுகியிருக்கிறது, அவ்வளவுதான். குறடு போட்டுத் திருகுவதும் சுத்தியலால் தட்டுவதும்தான் உண்மையில் உடைக்கும் வேலை.

முதலில் எளிய காரணங்களைக் கழியுங்கள். ஊசியைக் கழற்றி, பொபினையும் எடுத்துவிட்டுச் சுழற்றிப் பாருங்கள். கீழே கொக்கியில் நூல் சிக்கியிருக்கிறதா? சில்லுக்கும் உடலுக்கும் இடையிலுள்ள சந்தில் நூல் சுற்றியிருக்கிறதா? இந்தச் சந்தை யாரும் பார்ப்பதில்லை. பொபின் சுற்றும்போது விழுந்த நூல் அங்கே போய் ஆண்டுக்கணக்காக இறுகிக் கிடக்கும். மெல்லிய கொக்கியூசியால் இழுத்தெடுக்கலாம்.

அதற்குப் பிறகும் அசையாவிட்டால் மண்ணெண்ணெய். இடப்பக்க முகத்தகட்டைக் கழற்றுங்கள், ஒரு திருகாணிதான். மெசினைப் பின்பக்கம் சாய்த்து அடிப்பகுதியையும் திறந்துகொள்ளுங்கள். சாய்க்குமுன் மரப்பெட்டியில் தலையை, அதாவது மெசின் உடலை, பிடித்திருக்கும் இரண்டு பிணைச்சல்களும் இறுக்கமா என்று பாருங்கள். தளர்ந்திருந்தால் தலை அப்படியே கழன்று காலில் விழும். உலோகம் உலோகத்தோடு உரசும் ஒவ்வொரு மூட்டிலும், ஒவ்வொரு எண்ணெய்த் துளையிலும் இரண்டு மூன்று சொட்டு மண்ணெண்ணெய் விட்டு ஓர் இரவு வையுங்கள். காலையில் சில்லை முன்னும் பின்னும் ஒரு விரல் அகலத்துக்கு ஆட்டுங்கள். அசைந்த அளவுக்குள்ளேயே ஆட்டி ஆட்டிப் பெருப்பிக்க வேண்டும். முழுச் சுற்றுக்கு அவசரப்படக்கூடாது. இரண்டு நாள், மூன்று நாள் எடுக்கலாம். நல்ல வெயிலில் ஒரு மணித்தியாலம் வைத்துச் சூடேற்றினால் பசை விரைவாக இளகும்.

அசையத் தொடங்கியதும் கறுத்த அழுக்கு வழியும். அதைத் துடைத்துக்கொண்டே இருங்கள். மண்ணெண்ணெய் அழுக்கைக் கரைக்குமே தவிர மூட்டுக்கு வழுக்கல் தராது. ஆகவே துடைத்த அன்றே மெசின் எண்ணெய் விடாவிட்டால் கறள் பிடிக்கத் தொடங்கிவிடும்.

சில்லு நன்றாகச் சுற்றுகிறது, ஊசி மட்டும் இறங்கவில்லை.

சில்லின் நடுவிலுள்ள குமிழ் தளர்ந்திருக்கும். பொபின் சுற்றுவதற்காகத் தளர்த்தி, பிறகு மறந்துபோவது வழக்கம். இறுக்கியும் பிடிக்கவில்லை என்றால் குமிழைக் கழற்றியவர் உள்ளே இருக்கும் வட்டத் தகட்டை மாற்றிப் போட்டிருக்கிறார். அதில் உள்விளிம்பில் 2 நாக்கும் வெளிவிளிம்பில் 3 நாக்கும் உண்டு. அதை எடுத்து அரைச்சுற்றுத் திருப்பிப் போட்டுக் குமிழை இறுக்குங்கள்.

என்ன எண்ணெய்?

தையல் மெசின் எண்ணெய், நிறமில்லாத கனிம எண்ணெய். வேறொன்றும் இல்லை. தேங்காயெண்ணெய் இங்கேயே மார்கழிக் காலையில் போத்தலுக்குள் உறைகிறது. மெசினுக்குள்ளும் உறையும், நாள்படப் பசையாகும். நல்லெண்ணெய் அதைவிடக் கெட்டியான பூச்சாகக் காய்ந்துவிடும். மோட்டார்சைக்கிள் எஞ்சின் எண்ணெய் தடிப்பானது, துணியையும் கறையாக்கும்.

அளவு: ஒரு துளைக்கு ஒரு சொட்டு. நாள் முழுதும் தைத்தால் தினமும், எப்போதாவது தைத்தால் தைக்குமுன் ஒருமுறை. விட்ட பிறகு ஒரு நிமிடம் வெறுமனே சுழற்றி, பழந்துணியில் சில கோடுகள் தைத்து, வழியும் எண்ணெயை அந்தத் துணி உறிஞ்சவிட்டு, பிறகே நல்ல துணியை வையுங்கள். 66, 99 வகைகளில் பொபின் கேஸுக்கு அடியில் ஒரு சிவப்புக் கம்பளித் துண்டு இருக்கலாம். தும்பு என்று நினைத்துப் பிடுங்கிவிடாதீர்கள். அது எண்ணெயைப் பிடித்து வைத்திருப்பதற்கு. அதற்கும் ஒரு சொட்டு.

கடலோரம் வீடு. கறள் வராமல் எப்படி வைப்பது?

உப்புவெளி, நிலாவெளி, டச்சுக்குடாப் பக்கத்து வீடுகளுக்கு இதுதான் முதல் கேள்வி. காற்றில் வரும் உப்புத்தூள் உலோகத்தில் படிந்து ஈரத்தை இழுக்கும். கச்சான் காலத்து வறட்சியில் அது பெரிதாகத் தெரியாது. ஐப்பசியில் மழை தொடங்கி வாடை அடிக்கும்போது அந்த உப்பு நனைந்து வேலையைக் காட்டும்.

செய்ய வேண்டியது குறைவு. மினுமினுப்பான பாகங்களை, அதாவது ஊசித்தண்டு, பாதத்தண்டு (துணியை அழுத்தும் பாதத்தைத் தாங்கும் தண்டு), ஊசித்தகடு, இழுவைத்தகடு, சில்லின் விளிம்பு ஆகியவற்றை, எண்ணெய் தொட்ட துணியால் ஒக்டோபர் முதல் ஜனவரி வரை இரு வாரத்துக்கு ஒருமுறை துடையுங்கள். மற்ற மாதங்களில் மாதம் ஒருமுறை போதும். துடைக்கும் நாளில் ஐந்து நிமிடம் சுழற்றுங்கள். இந்த ஐந்து நிமிடந்தான் மெசினைக் காப்பாற்றுகிறது, வேறு எந்தச் செலவும் அல்ல.

பொலித்தீனால் சுற்ற வேண்டாம். உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் உலோகத்திலேயே வியர்க்கும். பழைய பருத்திச் சேலைத் துண்டு நல்லது. சீமெந்துத் தரையில் நேரே வைக்காதீர்கள். மழைக்காலத்தில் தரை ஈரம் மரப்பெட்டியை ஊத வைக்கும், கறையானுக்கும் வழி திறக்கும். ஒரு வாங்கிலோ இரண்டு செங்கல் மேலோ வையுங்கள். சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுவதென்றால் அதை அவ்வப்போது காயவைத்துப் போட வேண்டும், ஈரம் குடித்து நிறைந்த பொட்டலத்தால் பயன் இல்லை.

ஏற்கெனவே கறள் பிடித்த தண்டுக்கு: மிக மெல்லிய இரும்புப் பஞ்சில் மெசின் எண்ணெய் தோய்த்து, நீளவாக்கில் மெதுவாகத் தேயுங்கள். அரத்தாள் கீறல் போடும், அந்தக் கீறலில் மறுபடி கறள் குடியேறும்.

வெள்ளத்திலோ கடல்நீரிலோ மூழ்கிய மெசினைக் காப்பாற்றலாமா?

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கரையோரத்தில் நிறையப் பேர் எதிர்கொண்ட கேள்வி. காப்பாற்றலாம், ஆனால் அது நாட்களைப் பொறுத்தது. கடல்நீர் காய்வதற்குமுன் நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். இரும்பைத் தண்ணீரால் கழுவுவதா என்று தயங்குவார்கள். உப்பை மண்ணெண்ணெய் கரைக்காது, தண்ணீர்தான் கரைக்கும். எல்லாத் துளையிலும் பாயும்படி பலமுறை ஊற்றி, உடனே துணியால் ஒற்றி, வெயிலில் வைத்து, ஈரம் போனதும் மண்ணெண்ணெய், பிறகு எண்ணெய். பொபின் கேஸ், ஷட்டில், பாதம் போன்ற சிறு பாகங்களைக் கழற்றி மண்ணெண்ணெய்க் கிண்ணத்தில் ஓர் இரவு ஊறப்போடுங்கள்.

முதலில் பழுதாவது சுருள்வில்கள். மேல்நூலை இறுக்கும் டென்ஷன் வில்லும் பொபின் கேஸ் தகட்டு வில்லும் குழி விழுந்திருந்தால் துடைத்துப் பயன் இல்லை, மாற்றவேண்டும். மரப்பெட்டி பிளந்திருந்தால் அதைப் பிறகு பார்க்கலாம்.

கறுப்பு உடலையும் பொன்னிற வேலைப்பாட்டையும் எதைக்கொண்டு துடைப்பது?

மெசின் எண்ணெயும் மென்மையான பருத்தித் துணியும். ஸ்பிரிட், தின்னர், சலவைத்தூள் எதுவும் தொடக்கூடாது. பொன்னிறப் பூவேலைக்கு மேலே ஷெல்லாக் என்ற அரக்குப் பூச்சு இருக்கிறது. ஸ்பிரிட் பட்டால் அது கரைந்து வெண்மையாகப் பூத்துவிடும், பூவேலையும் கையோடு வந்துவிடும். கொரோனாக் காலத்தில் கைகழுவும் ஸ்பிரிட்டால் துடைத்துப் பாழான மெசின்கள் உண்டு. சில்லும் கைபிடியும் பட்டு ஏற்கெனவே தேய்ந்த இடத்தில் புதிதாகப் பெயின்ட் அடிக்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. தேய்ந்த பூவேலை யாரோ தைத்த இடம்.

எந்த ஊசி? எந்தப் பக்கம் பார்க்க?

15, 66, 99, 28 நான்குக்கும் சாதாரண வீட்டு மெசின் ஊசிதான்: 15×1 என்று கேட்டால் தருவார்கள். மெல்லிய வாயில் துணிக்கும் சிஃபோனுக்கும் 11, சாதாரணப் பருத்திக்கும் சாரத்துக்கும் 14, ஜீன்ஸுக்கு 16 அல்லது 18.

ஊசியின் தண்டில் ஒரு பக்கம் தட்டை, எதிர்ப்பக்கம் நீளப் பள்ளம். நூல் நுழைவது பள்ளத்துப் பக்கத்தால். ஊசிக்கு மேலுள்ள கடைசி நூல் வளையம் எந்தப் பக்கமோ பள்ளமும் அந்தப் பக்கம். 15, 66, 99இல் நூல் வலமிருந்து இடம் கோக்கப்படும், ஆகவே தட்டைப் பக்கம் இடப்புறம். 28இல் நேர்மாறு: இடமிருந்து வலம், தட்டைப் பக்கம் வலப்புறம். மெசின் ஒரு தையலும் போடாமல் வெறும் துளை மட்டும் குத்திக்கொண்டு போனால் பத்துக்கு எட்டுமுறை ஊசி திரும்பியிருப்பதே காரணம். ஊசியை மேல்தடை முட்டும்வரை செருகி இறுக்குங்கள். அரை மில்லிமீற்றர் இறங்கினாலும் தையல் விடும்.

துணிக்குக் கீழே நூல் சுருண்டு குவிகிறது. பொபினில் கோளாறா?

கீழே குவிந்தால் மேலே பாருங்கள். மேல்நூலுக்கு இறுக்கம் இல்லாததால்தான் கீழே குவிகிறது. பொபின் கேஸ் திருகாணியைத் திருகத் தொடங்கினால் இன்னொரு கோளாறையும் சேர்த்துக்கொள்வீர்கள்.

காரணம் பெரும்பாலும் கோத்த விதம். பாதம் உயர்ந்திருக்கும்போது டென்ஷன் தட்டுகள் விரியும், இறங்கும்போது மூடும். பாதத்தை இறக்கிவிட்டு நூல் கோத்தால் நூல் தட்டுகளுக்கு இடையில் போகாமல் மேலே மிதக்கும். எனவே பாதத்தை உயர்த்திக் கோத்து, பிறகு இறக்கி நூலை இழுத்துப் பாருங்கள். தட்டுகள் நூலை நன்றாகப் பிடிக்க வேண்டும். பிடிக்கவில்லை என்றால் தட்டுகளுக்கு நடுவே தும்பு இருக்கிறது. பாதத்தை உயர்த்தி, டென்ஷனைத் தளர்த்தி, மடித்த மெல்லிய துணியோரத்தை உள்ளே விட்டு இழுத்தால் வந்துவிடும். எண்ணிட்ட டென்ஷன் உள்ள மெசினில் சாதாரணத் துணிக்கு 4 அல்லது 5இல் தொடங்குங்கள்.

தைக்கத் தொடங்கும் இடத்தில் மட்டும் குவிந்தால் வேறு கதை. இரண்டு நூல்நுனியையும் 10 சென்ரிமீற்றர் நீளத்துக்குப் பின்பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டு முதல் மூன்று தையல் போடுங்கள்.

மேல்நூல் துணிமேல் நேர்கோடாகக் கிடந்தால் மேலே இறுக்கம் கூட, அல்லது கீழே தளர்வு. அப்போது மட்டும் பொபினைச் சோதியுங்கள். 15 வகுப்புக் கேஸை நூலில் தொங்கவிட்டு மெல்லச் சுண்டினால் சிறிது இறங்கி நிற்க வேண்டும். தானாகவே விழுந்தால் தளர்வு, சுண்டினாலும் அசையாவிட்டால் இறுக்கம். திருகாணியை ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருப்பாதீர்கள்.

நூல் அறுந்துகொண்டே இருக்கிறது.

நூலையே முதலில் சந்தேகியுங்கள். மெசினோடு பெட்டிக்குள் கிடந்த பழைய பருத்தி நூல்கட்டை ஈரத்தில் உக்கிப்போயிருக்கும். இரண்டு கையால் சுண்டினால் பட்டென்று அறும் நூலை எறியுங்கள். புது நூலும் அறுந்தால் ஊசித்தகட்டின் துளையோரத்தை விரல்நகத்தால் தடவிப் பாருங்கள். வளைந்த ஊசி குத்திக்குத்தி அங்கே முள் எழும்பியிருக்கலாம். எண்ணெய் தோய்த்த மிக மெல்லிய அரத்தாளைத் திரித்துத் துளைக்குள் விட்டு மழுக்கலாம்.

துணி நகரவில்லை.

தையல் நீளம் பூச்சியத்தில் நிற்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் ஊசித்தகட்டைக் கழற்றுங்கள். பல்லுகளுக்கு இடையில் தும்பு அடைந்து கம்பளி போலக் கட்டியாகியிருக்கும். பழைய பல்துலக்கும் பிரஷ் போதும். ஊதாதீர்கள், தும்பு உள்ளே போய்விடும்.

பொபின் சுற்றும் சில்லு வழுக்குகிறது.

அதன் ரப்பர் வளையம் காய்ந்து தேய்ந்துவிட்டது. அதே அளவு ரப்பர் ஓ-வளையம் ஹார்ட்வெயார் கடையில் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும். பழையதைக் கொண்டுபோங்கள்.

கைபிடியைச் சுற்றும்போது டக் டக் என்று சத்தம்.

கைபிடியிலிருந்து நீளும் விரல் சில்லின் ஆரக்காலைத் தள்ளித்தான் சுற்றுகிறது. அந்த விரலுக்குள் இருந்த தோல் மெத்தை தேய்ந்தால் இரும்போடு இரும்பு மோதும். தடித்த தோல்செருப்பு வார் துண்டொன்றை அளவாக வெட்டி வைத்தால் சத்தம் நிற்கும். பற்சில்லுகளுக்குத் துளி எண்ணெயை விடச் சிறிது கிரீஸ் நல்லது.

பிள்ளைக்குத் தையல் பழக்க இது பொருத்தமா?

மிகப் பொருத்தம். கைபிடி ஒரு சுற்றுக்கு மெசின் ஏறத்தாழ 3 தையல் போடும். பிள்ளை நினைத்த இடத்தில் நிறுத்தலாம், கையை வைக்குமுன் ஊசி ஓடிவிடாது. கைபிடியை மேல்புறமாக, நமக்கு அப்பால் செல்லும் திசையில் சுற்ற வேண்டும். அப்போது சில்லின் மேல்பக்கம் நம்மை நோக்கி வரும். மாறிச் சுற்றினால் நூல் சிக்கும். வலக்கை சுற்ற, இடக்கை மட்டும் துணியை வழிநடத்தும், இழுக்கக் கூடாது. இழுத்தால் ஊசி வளைந்து தகட்டில் முட்டும்.

முதலில் கோடு போட்ட கொப்பித்தாளில் நூல் இல்லாமல் தைக்கவிடுங்கள். பிறகு தலையணை உறை, பிறகு சாரம் மூட்டுவது: நேர்கோடு, இரண்டு விளிம்பு, முடித்த அன்றே யாராவது உடுத்துவார்கள்.

மோட்டார் பூட்டலாமா?

சில 15, 66, 99களில் உடலிலேயே மோட்டார் பூட்ட இடம் உண்டு. பழைய 28களில் இல்லை. அதற்காக வார்ப்பிரும்பில் துளை போடுபவர்களிடம் மெசினைக் கொடுக்காதீர்கள். வேகம் வேண்டுமென்றால் வேறொரு மெசின் வாங்குவதே மலிவு. மின்சாரம் நின்ற இரவிலும் தைக்கும் என்பதுதான் கை மெசினின் மதிப்பு.

உள்ளே “சிவப்புப் பாதரசம்” இருக்கிறதாம், இலட்சக்கணக்கில் வாங்குகிறார்களாம். உண்மையா?

பொய். 2009இல் சவுதி அரேபியாவில் இந்த வதந்தி பரவி, பழைய சிங்கர் மெசின்களுக்கு ஆட்கள் பெருந்தொகை கொடுத்தார்கள். அதன் எச்சம் இன்னும் வட்ஸ்அப்பில் சுற்றுகிறது. மெசினுக்குள் வார்ப்பிரும்பு, உருக்கு, சிறிது பித்தளை தவிர ஒன்றும் இல்லை. அதைக் கேட்டு வருபவரிடம் கழற்றிப் பார்க்கவும் கொடுக்காதீர்கள். திரும்பப் பூட்டித் தரமாட்டார்.

சாவி தொலைந்துவிட்டது. மூடியைத் தூக்கலாமா?

வளைத்த மரமூடியின் பூட்டு மிக எளிது, சாவி வெட்டுபவர் பழைய மாதிரியைப் பார்த்துச் செய்துவிடுவார். ஆனால் பூட்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் மூடியின் கைபிடியை மட்டும் பிடித்து மெசினைத் தூக்காதீர்கள். பத்துக் கிலோவுக்கு மேற்பட்ட இரும்பு அந்தப் பழைய பூட்டின் சின்ன நாக்கில் தொங்கும். அடிப்பெட்டிக்குக் கீழே இரண்டு கையும் கொடுத்துத் தூக்குங்கள்.

பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோகும்போது?

தலையை மட்டும் அல்ல, பொபின், கேஸ் அல்லது ஷட்டில், பாதங்கள் எல்லாவற்றையும் கொண்டுபோங்கள், ஒரு படம் எடுத்துவிட்டு. 28இன் ஷட்டிலும் நீளப் பொபினும் தொலைந்தால் தேடிப்பிடிப்பது கடினம். நீங்கள் தைக்கும் துணியிலும் நூலிலும் ஒரு துண்டு கொடுங்கள். திரும்ப வாங்கும்போது அந்தத் துண்டில் இரண்டு கோடு உங்கள் கண்முன்னே தைக்கச் சொல்லி, மேலும் கீழும் புரட்டிப் பார்த்த பிறகு காசைக் கொடுங்கள்.